மஞ்சளைப் பற்றிப் பேசும்போது அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கொங்கு வட்டாரத்தில் முகாம்களிலும் மேடைகளிலும் செல்போன் வீடியோக்களிலும் உடல்நலம் பேசுகிற மருத்துவர்களுக்கு,

வணக்கமுங்க. ஈரோட்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் தலைமுறையாக மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. அதனால் மஞ்சளை வயலிலும் பார்க்கிறேன், கேப்சூலாகக் கடை அலமாரியிலும் பார்க்கிறேன். நீங்கள் மஞ்சளைப் பற்றிப் பேசுவது எங்கள் ஜனங்களின் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொஞ்ச காலமாக இரண்டு விதமான செய்திகள் ஓடுகின்றன. "மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும், மூட்டு வலி போகும், ரத்தம் சுத்தமாகும்" என்பது ஒன்று. "மஞ்சளால் கல்லீரல் செயலிழப்பு, அமெரிக்க ஆய்வில் அதிர்ச்சி" என்பது இன்னொன்று. ஒரே குடும்பக் குழுவில் காலையில் ஒன்று வரும், சாயங்காலம் மற்றது வரும். இரண்டையும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர்தான் சொல்கிறார். கேட்பவர் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தம்மா பயந்துபோய் ரசத்தில் மஞ்சள் தூள் போடுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலிக்கென்று வாங்கும், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த கர்க்குமின் என்ற சத்தை அடைத்த கேப்சூலை மட்டும் நிறுத்தவில்லை. கேட்டதற்கு, "அது மஞ்சள் இல்லீங்களே தம்பி, மாத்திரைங்களே" என்றார். யோசிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, பயமே வேண்டாததை நிறுத்தியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவர் கேட்ட எந்தப் பேச்சிலும் அளவு இல்லை.

அளவைச் சொல்ல மேல்படிப்பு வேண்டியதில்லை, பெருக்கல் கணக்கே போதும். மஞ்சள் தூளில் கர்க்குமின் சுமாராக 3 சதவீதம். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதம்கூட வரும். நம் ஈரோட்டு மஞ்சள் அந்த அளவுக்குப் போகாது. நாலு பேருக்கு அரிசிம்பருப்பு சாதம் செய்தால் அரை டீஸ்பூன் தூள் போடுவோம். அது ஒன்றரை கிராம் இருக்கும். ஆளுக்கு அரை கிராமுக்கும் குறைவு. கர்க்குமின் என்று பார்த்தால் பத்து, பன்னிரண்டு மில்லிகிராம். குழம்பு, பொரியல், ரசம் என்று நாள் முழுக்கச் சேர்த்தாலும் நம் வீட்டில் ஒருவர் வயிற்றுக்குள் போவது அறுபது மில்லிகிராம் அளவில் நின்றுவிடும்.

கடையில் விற்கும் கேப்சூலை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் கர்க்குமினாய்டு (கர்க்குமினும் அதன் வகைச் சத்துகளும்) என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரு கேப்சூலில் 475 மில்லிகிராம். தூளாகச் சொன்னால் ஏறக்குறைய 16 கிராம். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் நாளைக்கு 30 கிராமைத் தாண்டுகிறது. 30 கிராம் மஞ்சள் தூளைக் கொட்டிய சோற்றை நம்மூரில் எந்தப் பிள்ளையும் வாயில் வைக்காது. கேப்சூலில் கசப்பும் தெரிவதில்லை, நிறமும் தெரிவதில்லை, சிரமமில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

இன்னொரு எண்ணும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, கர்க்குமினை உணவில் நிறமியாகச் சேர்ப்பதற்கு ஒரு நாள் உச்சவரம்பு வகுத்திருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். நம் வீட்டுச் சாப்பாடு அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒற்றைக் கேப்சூல் அதைப்போல இரண்டரை மடங்கு. இந்த ஒரு கணக்கை மேடையில் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் போதும்; ரசத்தில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

சரி, அந்த "அமெரிக்க ஆய்வில் அதிர்ச்சி" என்ன என்று பார்ப்போம். மருந்தாலும் சத்து மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்களைப் பதிவு செய்ய அமெரிக்காவில் சில பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு வலையமைப்பு வைத்திருக்கின்றன. 2004 முதல் 2022 வரை அதில் மஞ்சள் மாத்திரையால் வந்ததென்று தீர்மானித்த கேஸ்கள் 10. அந்த 10 பேரில் 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். பெரும்பாலான கேஸ்கள் 2017-க்குப் பிறகு வந்தவை. சோதனைக்குக் கிடைத்த 7 மாத்திரைகளிலும் மஞ்சள் இருந்தது உறுதியானது. அவற்றில் மூன்றில் மிளகுச் சத்தும் இருந்தது. 10 பேரில் 7 பேருக்கு எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரே மரபு வகை இருந்தது. அதாவது எல்லாருடைய கல்லீரலும் இதற்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, சிலருடைய உடம்பு மட்டும் இதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது என்று ஊகிக்க இடம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது 2024-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வையும் கூடவே சொல்ல வேண்டும். கல்லீரலுக்கு ஆகாது என்று சந்தேகம் உள்ள ஆறு மூலிகைகளை அங்கே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். ஒன்றையாவது கடந்த முப்பது நாளில் எடுத்தவர்கள் பெரியவர்களில் 4.7 சதவீதம், கிட்டத்தட்ட 1.56 கோடிப் பேர். அவர்களில் மஞ்சள் எடுத்தவர்கள்தான் அதிகம், 1.1 கோடியைத் தாண்டுகிறது. ஆக, கோடிக்கு மேற்பட்டவர்கள் சாப்பிடுகிறார்கள், சிலருக்கு ஆகாமல் போகிறது. அதற்காக அந்தப் பத்தை இந்த ஒரு கோடியால் வகுத்து "பத்து லட்சத்தில் ஒருவர்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வலையமைப்பு நாடு முழுவதையும் எண்ணவில்லை, சில மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை மட்டுமே எண்ணியது. அபூர்வம் என்று சொல்லலாம், எவ்வளவு அபூர்வம் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இந்த நிதானம் உங்களிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறையில் இருக்கிறது, வீடியோவில் ஏனோ காணாமல் போகிறது. தலைப்பு வைப்பவர் வேறு ஆள் என்று சொல்வீர்கள். சரிதான், ஆனால் மேலே இருக்கிற முகம் உங்களுடையது.

அமெரிக்கா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலியில் 2019-இல் கொத்தாக மஞ்சள் காமாலை கேஸ்கள் வந்தன. 2022-இல் அந்த நாட்டு சுகாதார அமைச்சகம் மஞ்சள் மாத்திரை அட்டைகளில் எச்சரிக்கை போட வைத்தது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2023 ஜூன் வரை தனக்கு வந்த கல்லீரல் புகார்கள் 18 என்று அறிவித்தது. அதே அறிவிப்பில், உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு இது பொருந்தாது என்ற பொருளிலும் சொல்லியிருந்தார்கள். நம் காதுக்கு வரும்போது இந்தப் பின்பாதி எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

மிளகுக்கு வருகிறேன். "மஞ்சள் போட்டால் கூடவே மிளகும் போடுங்கள், இருபது மடங்கு சத்து ஏறும்" என்று சொல்லாத உடல்நலப் பேச்சு கிடையாது. இந்த எண் நம் பக்கத்திலிருந்து போனதுதான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு. 2 கிராம் கர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் என்ற மிளகுச் சத்தைக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. கர்க்குமின் சாதாரணமாகக் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. மிளகுச் சத்து அந்தத் தள்ளுகிற வேலையைத் தடுக்கிறது. தடுப்பது கல்லீரலை என்றால் கர்க்குமினோடு மட்டும் நிற்குமா? அதே வழியாக வெளியேற வேண்டிய வேறு மாத்திரைகளும் உள்ளே தங்கும். "இருபது மடங்கு" என்பதைச் சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை. கேப்சூல் கம்பெனிக்காரர்கள் இருபது மடங்கை அட்டையின் முன்பக்கமே போட்டுக்கொள்கிறார்கள். இப்போது நானோ, கொழுப்பில் பொதிந்தது என்று வேறு வருகிறது. அதனால் அட்டையில் இருக்கும் மில்லிகிராமை வைத்து ரெண்டு கம்பெனி மாத்திரையை ஒப்பிடக்கூட முடியாது.

பொங்கலிலும் மிளகு ரசத்திலும் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் நாளை யாராவது அதையும் நிறுத்துவார்கள், அதனால் சொல்லியே வைக்கிறேன்.

மஞ்சளால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் அளவோடு சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முழங்கால் தேய்மானத்தோடு நீர் கோத்திருந்த 70 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மஞ்சள் சாறும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. மஞ்சள் எடுத்தவர்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. மூட்டில் கோத்திருந்த நீர் குறையவில்லை, குருத்தெலும்பும் மாறவில்லை. ஆக, வலி குறையலாம், தேய்மானம் திரும்பாது. நம்மூர் மேடையில் "தேய்ந்த மூட்டு வளரும்" என்று இதுவே ஆகிவிடுகிறது.

தாய்லாந்தில் ஸ்கோப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாத, ஆனால் நெஞ்செரிச்சலும் உப்புசமும் தீராத 206 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். நாளைக்கு 2 கிராம் கர்க்குமின் ஒரு குழுவுக்கு, நம் கடையில் தினமும் போகும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல் ஒரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து ஒரு குழுவுக்கு. 2023-இல் வெளியான முடிவுப்படி மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். நல்ல செய்திதான். ஆனால் வெறும் மாத்திரை கொடுத்த குழு ஒன்று அதில் இல்லை. அஜீரணம் தானாகவே கூடிக் குறைகிற நோய் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்தால் குறைந்ததா, நாள் போகப்போகக் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க அந்தக் குழு வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால் பேச்சின் சுவை போய்விடாது.

புற்றுநோய் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். கீமோ ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் மகன் வந்து மூன்று மாதத்துக்குக் கர்க்குமின் கேட்கிறார். வீடியோ பார்த்தாராம். அந்த வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். தட்டில் ஊற்றும் கர்க்குமின் அளவு மனித ரத்தத்தில் ஏறுவதே இல்லை. 2017-இல் மருந்து வேதியியல் வல்லுநர்கள் கர்க்குமினை முழுக்க அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதுவரை நடந்த மனித ஆய்வுகள் 120-க்கு மேல். நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் எதைச் சாப்பிடுகிறார் என்று தெரியாமல் வைத்துச் செய்த கறாரான ஆய்வு எதிலும் அது ஜெயிக்கவில்லை என்பது அவர்கள் கண்டது. பிறகு வந்த டாஸ்மேனியா ஆய்வு மாதிரி சிலது கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன, அது மூட்டு வலிக்கு. புற்றுநோயைக் குணமாக்கியது என்று காட்டும் கறாரான ஆய்வு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கர்க்குமின் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெரும் பெயர் வாங்கிய ஒருவரின் கட்டுரைகள், படங்களில் முறைகேடான திருத்தம் இருப்பதாகச் சொல்லி ஒரு டஜனுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டுரைகளைப் பார்த்துக் கேப்சூல் அட்டையில் எழுதிய வரிகளை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

உங்களில் சிலருக்கு இங்கே ஒரு தயக்கம் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஈரோட்டில் நின்றுகொண்டு மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் ஊர் கோபித்துக்கொள்ளுமோ என்று. 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். 1995-இல் அமெரிக்காவில் காயம் ஆற்ற மஞ்சள் என்று காப்புரிமை வாங்கியதை, நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்த கதை எங்கள் பக்கம் டீக்கடையில்கூடத் தெரியும். பெரிய மாரியம்மன் பண்டிகையில் கம்பம் பிடுங்கின பிற்பாடு ஊரே மஞ்சள் நீரில் நனைகிற ஊர் இது. ஆனால் நாங்கள் வைகாசியில் நட்டு, தை, மாசியில் வெட்டி, வேகவைத்துக் காயப்போட்டு மண்டிக்குக் கொண்டுபோவது விரலியும் கிழங்கும். கரைப்பானில் ஊறவைத்து, கர்க்குமினை மட்டும் பிரித்தெடுத்து, மிளகுச் சத்தைக் கலந்து கேப்சூலில் அடைப்பது வேறு தொழில். அதைக் குறை சொன்னால் மஞ்சள் விவசாயிக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். கரும்பு விவசாயி எவரும் சாராயத்துக்கு வக்காலத்து வாங்குவதில்லை. இரண்டையும் நீங்கள் பிரித்துச் சொல்லாமல் "மஞ்சளால் கல்லீரல் போகும்" என்று பேசும்போதுதான் எங்கள் விரலிக்கு அடி விழுகிறது.

என் கடையிலும் இந்தக் கேப்சூல் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. பாராசிட்டமாலுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை, லாபமும் அதிகம். வருவது மருந்து உரிமத்தில் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அட்டையில் போட்டுத்தான் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். கேட்டு வருபவரிடம் நான் சொல்வதைச் சொல்கிறேன். "டாக்டரே டிவியில சொன்னாருங்க, நீங்க என்னமோ வேண்டாங்கறீங்க" என்று ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் என் சொல் எடுபடாது. உங்கள் சொல் எடுபடும்.

அதனால் உங்களிடம் கேட்பது, முதலில் உங்கள் ஓ.பி.யிலேயே தொடங்கும் காரியம். "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறீர்கள். "இல்லீங்க டாக்டர்" என்று பதில் வரும். பொய் சொல்வதில்லை; அவர்கள் கணக்கில் கர்க்குமின் மருந்தே இல்லை. சொந்தக்காரர் சங்கிலி வியாபாரத்தில் சேர்ந்து தலையில் கட்டிய டப்பா அது, அல்லது மகள் ஆன்லைனில் வரவழைத்தது. "சத்து மாத்திரை, பொடி, லேகியம், கேப்சூல், யாராச்சும் குடுத்தது, ஆன்லைன்ல வாங்குனது, எதா இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த தடவை டப்பாவோட வாங்க" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வெளியே வரும்.

அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் பதிவான ஒரு கேஸ் போதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிட்டு வந்த ஒருவருக்கு, மஞ்சள் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில், ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 10-ஐத் தாண்டிவிட்டது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது. இதய வால்வு மாற்றியவர்கள் நம்மூரில் எத்தனை பேர் வார்பரினும் அசிட்ரோமும் வாங்கிப் போகிறார்கள், தெரியும்தானே. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தும் அதிக மஞ்சளோடு சேர்ந்தபோது ரத்தத்தில் அளவு மீறியதாகப் பதிவு உண்டு. மாத்திரையளவு மஞ்சள், சிறுநீரகக் கல்லாகப் படியும் ஆக்ஸலேட்டைச் சிறுநீரில் கூட்டுகிறது என்று 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். வெயிலில் தறியும் டையிங்கும் பார்க்கிற ஜனம் ஏற்கெனவே கல்லடைப்பால் துடிப்பதை நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்கள். இன்னொன்று, அதிகக் கர்க்குமின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தம் ஊற வேண்டும் என்று இரும்பு மாத்திரையும், ரத்தம் சுத்தமாக வேண்டும் என்று கர்க்குமினும் சேர்ந்தே வாங்கிப் போகிறார்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்று நீங்கள் தெளிவாகச் சொல்லலாம்: கல்லீரல் கோளாறு உள்ளவர், ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர், பித்தப்பைக் கல் இருப்பவர், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர், கர்ப்பிணி. கேப்சூல் எடுப்பவர் எவராக இருந்தாலும் சோர்வு, பசியின்மை, அடர் நிறச் சிறுநீர், கண் மஞ்சள் என்று கண்டால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்க வர வேண்டும். தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் இது தெரிய வருவது வழக்கம் என்பதால், "ரெண்டு மாசமா சாப்பிடறேன், ஒண்ணும் பண்ணலீங்க" என்பது சான்றாகாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அதையும் சொல்லுங்கள், வீணாகப் பயம் வேண்டாம்.

சமையல் மஞ்சளில் பயப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஈயம். வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளம் வந்து மஞ்சள் சரியாகக் காயாமல் கறுத்துப்போனபோது, பாலீஷ் போடும் இடத்தில் நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற மஞ்சள் பெயின்ட் பொடியைத் தூவும் பழக்கம் வந்திருக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் கூடியிருக்கிறது என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக்காரர்களும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்களும் தேடித்தேடிக் கடைசியில் மஞ்சளில் போய் நின்றார்கள். 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு மண்டிகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, பத்திரிகையில் எழுதி, 2021-இல் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி மக்களுக்குப் பயன்பட்டதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. இதை ஒரு வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

2024-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்தபோது, 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் போன்ற இடங்களில் ஆயிரத்தைத் தாண்டியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 10. பளபளவென்று பாலீஷ் போட்ட விரலியில்தான் அதிகமாக இருந்தது. நம் பக்கம் பாலீஷ் டிரம்மில் மஞ்சள் தூளையே தூவி நிறம் ஏற்றுவதுதான் முறை. அப்படிச் செய்கிற ஆட்கள்தான் இந்தக் கலப்படத்தால் முதலில் நஷ்டப்படுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ணைப் பறிக்கிற மஞ்சள் நல்ல மஞ்சள் என்று அர்த்தமில்லை. முழு மஞ்சளைத் தண்ணீரில் போட்டால் உடனே பளிச்சென்று நிறம் பிரிந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது ஆணையமே சொல்லித்தரும் வீட்டுச் சோதனை. ரத்தசோகையும் படிப்பில் மந்தமும் சேர்ந்து வரும் குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. மஞ்சள் மாத்திரை எடுத்துக் காமாலையோடு வருபவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; சிகிச்சை செய்து அனுப்பியும் இருப்பீர்கள். அதை எங்காவது பதிந்தீர்களா? மும்பையில் சில மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட ஆறு பேரை 2021-இல் எழுதினார்கள். எதிர்ப்பு நிறைய வந்தது. பிறகு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் சேர்ந்தது. ஆறு பேரை அவர்கள் எழுதியதால்தான் 43 பேர் வெளியே தெரிந்தார்கள். அமெரிக்கக்காரன் கண்ட மரபு வகை நம் கொங்கு ஜனங்களிடம் எவ்வளவு என்று பார்க்கவும் கோவையில் ஆய்வகம் இல்லாமல் இல்லை. உலகத்துக்கு மஞ்சள் அனுப்புகிற ஊரிலிருந்து அந்தத் தகவல் போக வேண்டாமா?

இந்தியாவில் இதற்கென்று 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அதற்கு மையங்கள் உண்டு; 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம். உணவு உரிமத்தில் வந்த டப்பாதானே என்று விட்டுவிட வேண்டாம். பெயர், பேட்ச் எண், எத்தனை நாள் சாப்பிட்டார், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு, நிறுத்திய பின் எவ்வளவு, இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். படிவத்தை நான் அச்சடித்துக் கடையில் வைத்திருக்கிறேன். கம்பவுண்டரை அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கும்படி நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்புங்கள், அதைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டுப் பக்கத்து மெடிக்கல்காரன்